கடல்நீர்த் தொட்டிக்கு லைவ் ராக்: சாக்கில் இருக்கும் ஈரக் கல்லா, காய்ந்த கல்லா?

தண்டையார்பேட்டையில் முதல் மாடி வீடு, மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமுமான கண்ணாடித் தொட்டி தயார் என்று எழுதியிருக்கிறீர்கள். கொளத்தூரில் ஒருவர் ஈரச் சாக்கில் வைத்திருக்கும் ‘ராமேஸ்வரம் லைவ் ராக்’கைக் கிலோ கணக்கில் தருகிறேன் என்கிறார். உங்கள் மாமாவோ, திருவொற்றியூர் கரையில் கல்லுக்கா பஞ்சம், நாலு கல் எடுத்துவந்து கொதிக்க வைத்துப் போடு என்கிறார். இரண்டில் எது சரி, எத்தனை கிலோ வேண்டும், போட்டபின் எத்தனை நாளில் மீன் விடலாம் என்பது உங்கள் கேள்வி. மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: அந்தக் கல்லில் ‘லைவ்’ என்பது எது, அதைக் கடையில் காசு கொடுத்து வாங்க முடியுமா? அதற்குப் பதில் தெரிந்தால் மற்றவை தானாகவே தெளிந்துவிடும்.

நான் கொளத்தூர் பக்கம் வண்ண மீன் வளர்க்கும் குடும்பத்தில் பிறந்தவன். சின்ன வயதில் சிமெண்ட் தொட்டிகளில் கப்பியும் மோலியும் அள்ளியவன், பிறகு கடல்நீர்ப் பக்கம் வந்து, வீடுகளில் தொட்டி அமைத்துப் பராமரிப்பதைப் பதினேழு வருடமாகத் தொழிலாகச் செய்கிறேன். எது நிச்சயம், எது என் அனுபவம் மட்டும் என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

லைவ் ராக் என்பது உயிருள்ள கல் அல்ல. செத்துப்போன பவளத்தின் சுண்ணாம்புக் கூடு அது. உள்ளே நுண்துளைகள் நிறைந்திருப்பதால் அதன் மேலும் உள்ளும் உயிர்கள் குடியேறிவிடுகின்றன. 1960களின் தொடக்கத்திலேயே ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், வடிகட்டி எதுவும் வைக்காமல், கடலிலிருந்து எடுத்த இப்படிப்பட்ட கற்களையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துப் பவளங்களை வளர்த்துக் காட்டினார். வடிகட்டி செய்ய வேண்டிய வேலையைக் கல்லே செய்ததுதான் காரணம். மீனின் கழிவிலிருந்தும் மிச்ச உணவிலிருந்தும் அம்மோனியா வரும். அது மீனுக்கு விஷம். கடல்நீர் காரத்தன்மை கூடியது என்பதால் நன்னீரைவிட இங்கே அந்த விஷம் கடுமை. கல்லின் மேற்பரப்பில் வாழும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் ஓரளவு இருந்தால் மீன் தாங்கும். இவ்வளவும் நிச்சயம், இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. கல்லின் உட்பகுதியில், ஆக்சிஜன் எட்டாத துளைகளில், நைட்ரேட்டையும் உடைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியே விடும் பாக்டீரியாவும் உண்டு. ஆனால் ஒரு வீட்டுத் தொட்டியின் நைட்ரேட் முழுவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். நான் பார்த்தவரை தொட்டிக்குத் தொட்டி இது மாறுகிறது. தண்ணீர் மாற்றும் வேலை யாருக்கும் மிச்சமாவதில்லை.

ஆக, ‘லைவ்’ என்பது முக்கியமாக அந்த பாக்டீரியா. அது குடியேற இடமும் உணவும் ஆக்சிஜனும் கொடுத்தால் எந்த நல்ல கல்லிலும் தானே வளரும். ஈரச் சாக்கில் வெயிலில் மூன்று நாள் கிடந்த கல்லில் அதில் பாதிகூட உயிரோடு இருக்காது. துளைகளுக்குள் இருந்த புழு, கடற்பஞ்சு, சிறு நண்டு எல்லாம் செத்து அழுகிக்கொண்டிருக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் நான் அப்படி ஒரு சாக்குக் கல்லை வாங்கி நேராக ஒரு வாடிக்கையாளரின் தொட்டியில் அடுக்கினேன். இரண்டாம் நாள் கூடம் முழுக்க முட்டை அழுகிய நாற்றம், மூன்றாம் நாள் இரண்டு க்ளவுன் மீனும் அடியில் கிடந்தன. அந்த வீட்டுக் குழந்தை அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தது. அன்றிலிருந்து கல்லைத் தனியாக ஊறவைத்துப் பக்குவப்படுத்தாமல் எந்தத் தொட்டியிலும் இறக்கியதில்லை.

ஆனால் அந்த ராமேஸ்வரம் கல்லை வேண்டாம் என்று நான் சொல்வதற்கு நாற்றம் முதல் காரணம் அல்ல. நம் நாட்டில் பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ல் சேர்க்கப்பட்டுவிட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. செத்த பவளம்தானே என்ற வாதம் அங்கே எடுபடாது, ஏனென்றால் உயிரினத்தின் பாகமும் அதிலிருந்து கிடைக்கும் பொருளும் அதே சட்டத்துக்குள் வருகின்றன. தண்டனை மூன்று வருடத்தில் தொடங்கி ஏழு வருடம் வரை போகும். விற்பவர் மட்டுமல்ல, வீட்டில் வைத்திருப்பவரும் மாட்டுவார். கடையில் வெளிப்படையாகக் கிடக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். கடையில் கிடப்பதால் ஒரு பொருள் சட்டப்படி சரியாகிவிடாது.

சட்டத்தை விடுங்கள், அந்தக் கல் எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986ல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவை அறிவித்தார்கள். அதில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்குள் போய்விட்டன. பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக் கல்லை வெட்டி எடுத்ததை அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். அலையைத் தடுத்து நின்ற கல் போனதும் தீவின் மணலைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. நம் கூடத்தில் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக அங்கிருந்து இன்னொரு சாக்கு வரக்கூடாது. இதை நான் மனதார நம்புகிறேன்.

அதே கடலில் நமக்கு ஒரு நல்ல பாடமும் இருக்கிறது. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் வான்தீவு கரைந்து சிறுத்துக்கொண்டே வந்தபோது, 2015 வாக்கில் தொடங்கி, கான்கிரீட்டால் வார்த்த செயற்கைப் பாறைகளைத் தீவைச் சுற்றி இறக்கினார்கள். அரிப்பு மட்டுப்பட்டது, அந்தக் கான்கிரீட்டில் மீன் கூட்டமும் பவளமும் குடியேறின. மனிதன் செய்த கல்லில் கடலே குடியேறும்போது நம் தொட்டிக்கு அது போதாதா?

இப்போது மாமா சொன்ன திருவொற்றியூர்க் கல். கரையில் கொட்டியிருப்பவை பெரும்பாலும் கடலரிப்பைத் தடுக்கப் போட்ட கருங்கல். துளையே இல்லாத கல், எனவே பாக்டீரியாவுக்கு வெளித்தோல் மட்டும்தான் இடம், எடையோ அதிகம். அதைவிடப் பெரிய சிக்கல், நம் வடசென்னைக் கரை பட்ட பாடு. 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெல்லாம் அப்பியது. இதே கரையில் வாளியால் அள்ளினார்கள், பார்த்திருப்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய். கல்லின் இடுக்கில் எண்ணெயோ உலோகமோ இருந்தால் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. தாமிரம் மிகச் சிறிய அளவில் கசிந்தாலே இறாலும் நத்தையும் பவளமும் சாகும். அந்தக் கல்லை எடுக்காதீர்கள்.

கொதிக்க வைக்கும் யோசனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தப் பதிலில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். கடலிலிருந்தோ வேறொருவர் தொட்டியிலிருந்தோ வந்த கல்லை எக்காரணம் கொண்டும் கொதிக்க வைக்காதீர்கள். கொதிநீர் ஊற்றுவதும், பிரஷர் குக்கரில் வைப்பதும், காயவைத்துத் தூள் பறக்கச் சுரண்டுவதும்கூடக் கூடாது. பொத்தான் பொத்தானாகப் பூத்திருக்கும் ஜோவாந்திட் என்ற உயிரினங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற விஷம் இருக்கிறது. கடலில் கிடைக்கும் மிகக் கடுமையான விஷங்களில் ஒன்று. சூடு பட்டால் ஆவியோடு மூச்சில் ஏறிவிடும். 2018ல் இங்கிலாந்தில் ஒரு வீட்டில் தொட்டியிலிருந்து பவளத்தை அகற்றியபோது அந்தக் குடும்பம் முழுவதும், உதவிக்குப் போன தீயணைப்பு வீரர்களும்கூட மருத்துவமனைக்குப் போக வேண்டி வந்தது. சமையலறையில் குழந்தைகளை வைத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை இது. மாமாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, எதை வாங்குவது? காய்ந்த கல். இரண்டு வகையில் கிடைக்கும். ஒன்று, மீன் தொட்டிக்கென்றே பீங்கான் போலச் சுட்டோ சிமெண்ட்டில் வார்த்தோ செய்த செயற்கைக் கல். இன்னொன்று, நிலத்திலிருந்து வெட்டி எடுத்ததாகச் சொல்லி வரும் பழங்காலக் கடல் சுண்ணாம்புக் கல். இரண்டாவதை வாங்கினால் பில்லும் எங்கிருந்து வந்தது என்ற விவரமும் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் மழுப்பினால் விட்டுவிடுங்கள், கடற்கல்லைக் காயவைத்து அதே பெயரில் தள்ளிவிடுவதும் நடக்கிறது. வட்ட வட்டமாக, பூ இதழ் அடுக்கியதுபோலப் பவளக் கண் தெளிவாகத் தெரிகிற வெள்ளைக் கல் என்றால் சந்தேகப்படுங்கள்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது, அளவுக்குத் தகுந்த எடை இல்லாமல் லேசாக இருந்தால் நல்லது. அதன் மேல் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். வழிந்தோடாமல் உறிஞ்சினால் துளை இருக்கிறது என்று அர்த்தம். சுண்ணாம்புக் கல் என்று சொல்லி விற்றால் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள், நுரைத்துப் பொங்க வேண்டும். பீங்கான் கல் பொங்காது, அது குறை அல்ல. துருக் கறையோ, பச்சை, செம்பு நிறக் கோடோ ஓடினால் வேண்டாம். யாராவது தொட்டியைக் கலைத்து விற்கும் பழைய செயற்கைக் கல் கிடைத்தால் அது நல்ல சரக்குதான், ஆனால் அந்தத் தொட்டியில் எப்போதாவது தாமிர மருந்து போட்டார்களா என்று கேளுங்கள். கல் தாமிரத்தை இழுத்து வைத்துக்கொண்டு மெல்லக் கசியவிடும். சிமெண்ட்டையும் கோழித் தீவனக் கடையில் கிடைக்கும் கிளிஞ்சல் துண்டுகளையும் கலந்து வீட்டிலேயே வார்ப்பவர்களும் உண்டு. நானும் செய்திருக்கிறேன், நன்றாக வரும். ஆனால் சிமெண்ட்டின் காரம் இறங்க இரண்டு மாதமாவது தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். முதல் தொட்டிக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

எத்தனை கிலோ என்றால், உங்கள் தொட்டி சுமார் 190 லிட்டர். லிட்டருக்கு 120 கிராம் என்ற பழைய கணக்குப்படி 23 கிலோ வரும். அது கனமான கடற்கல்லுக்குப் போட்ட கணக்கு. துளையுள்ள காய்ந்த கல் 12 முதல் 15 கிலோ போதும் என்பது என் அனுபவம். இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கல் அடைக்கக் கூடாது, மீனுக்கும் நீரோட்டத்துக்கும் வழி வேண்டும். தண்ணீர், கண்ணாடி, கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் 250 கிலோவைத் தாண்டிவிடும். உங்கள் வீடு மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கித் தளம் போட்ட, தண்டையார்பேட்டையின் பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடமாக இருந்தால், கூடத்தின் நடுவில் வைக்காமல் சுமை தாங்கும் சுவரை ஒட்டி வையுங்கள். வைப்பதற்கு முன் ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதை நேரில் பார்ப்பவர்தான் சொல்ல முடியும்.

கல் வந்ததும் முதலில் நல்ல தண்ணீரில் பிரஷ் போட்டுத் தூள் போகக் கழுவுங்கள். புதிய செயற்கைக் கல்லுக்கு அது போதும். நிலத்துக் கல்லிலோ பழைய கல்லிலோ காய்ந்த பாசியும் கரியும் ஒட்டியிருந்தால், வாசனை சேர்க்காத ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு கலந்து ஒரு நாள் மொட்டை மாடியில் ஊறவைக்கலாம். பிறகு பலமுறை அலசி, நான்கைந்து நாள் நம் ஊர் வெயிலில் காயவிடுங்கள். குளோரின் வாசனை துளியும் இருக்கக் கூடாது. சிலர் பாத்ரூம் கழுவும் ஆசிட்டில் முக்கி எடுப்பார்கள், கல்லில் படிந்து பாசியை வளர்க்கும் பாஸ்பேட் போகும் என்பார்கள். மேல்தோல் கரைவதால் ஓரளவு போவது உண்மைதான். எல்லாக் கல்லுக்கும் அது தேவை என்று நான் நினைக்கவில்லை. ஆசிட்டும் ப்ளீச்சும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்குழாய் வெந்துவிடும். ஒரே வாளியில் இரண்டையும் மறந்தும் பயன்படுத்தாதீர்கள்.

அடுத்தது பக்குவப்படுத்துவது. இதுதான் முக்கியமான வேலை, நேரமும் இங்கேதான் வேண்டும். ஒரு புதிய, சாப்பாட்டுப் பொருள் வைக்கத் தகுந்த பிளாஸ்டிக் டிரம் வாங்குங்கள். நம் பக்கம் மலிவாகக் கிடைக்கும் பழைய நீல டிரம்களில் பல, ரசாயனம் வந்தவை. எத்தனை முறை கழுவினாலும் நான் அவற்றைத் தொடமாட்டேன். தண்ணீர் ஆர்.ஓ. தண்ணீராக இருக்க வேண்டும். இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. இயந்திரங்கள் ருசிக்காகக் கொஞ்சம் தாதுவை மறுபடியும் தண்ணீரில் விடுகின்றன. அதனால் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் தாதுவின் அளவு, ஐம்பது, அறுபது என்று காட்டும். கேன் தண்ணீரும் அப்படித்தான். நமக்கு வேண்டியது பூஜ்ஜியத்தை ஒட்டிய தண்ணீர். மெக்கானிக்கிடம் சொல்லி அந்தத் தாதுக் குழாயை அடைக்கச் சொல்லுங்கள், கடைசியில் மிச்சத் தாதுவையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டி.ஐ. ரெசின் குழாய் மாட்டுங்கள். அந்தத் தண்ணீரில் கடல்மீன் தொட்டிக்கான உப்பைக் கலந்து, அடர்த்தி 1.025 வரும்படி, உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். சமையல் கல்லுப்பு உதவாது. காசிமேட்டிலிருந்து கேனில் கடல்நீர் கொண்டுவரலாமா என்றும் அடுத்துக் கேட்பீர்கள். மழைக்காலத்தில் கரையோர நீரின் உப்பே இறங்கிவிடும், துறைமுகத் தண்ணீரில் டீசல் வேறு. வேண்டாம்.

டிரம்மில் கல்லைப் போட்டு, அடியிலிருந்து நீரைப் புரட்டிவிடும் பம்ப் ஒன்றும் காற்று பம்ப் ஒன்றும் வையுங்கள். ஹீட்டர் தேவையில்லை, சென்னைச் சூடே போதும். மூடி போட்டு இருட்டில் வையுங்கள், வெளிச்சம் பட்டால் பாசிதான் முந்திக்கொள்ளும். பாக்டீரியா வளர அம்மோனியா வேண்டும். காசிமேட்டு இறால் ஒன்றை வாங்கி அழுகவிடுவது பழைய வழி, வேலை செய்யும், ஆனால் நாற்றமும் அடிக்கும், எவ்வளவு அம்மோனியா வந்தது என்ற கணக்கும் இருக்காது. தொட்டிக்கென்று விற்கும் அம்மோனியம் குளோரைடு கரைசலை அளந்து ஊற்றி 2 பி.பி.எம். (லிட்டருக்கு சுமார் 2 மில்லிகிராம்) வரும்படி வைப்பது சுத்தமான வழி. நாட்டு மருந்துக் கடை நவச்சாரமும் அதே உப்புதான் என்று நினைத்து அதைப் போட்டுவிடாதீர்கள். ஈயம் பூச வைத்திருக்கும் சரக்கில் என்னென்ன கலந்திருக்கும் என்று தெரியாது. நல்லபடி ஓடும் ஒரு தொட்டியிலிருந்து உள்ளங்கை அளவு செயற்கைக் கல்லோ வடிகட்டிப் பஞ்சோ கிடைத்தால் டிரம்மில் போடுங்கள், விதை நெல் போல அது. பாட்டில் பாக்டீரியா சில வேளை நன்றாக வேலை செய்கிறது, சில வேளை ஒன்றுமே நடப்பதில்லை. வெயிலில் வந்த பார்சலில் பாதி செத்திருக்கும் என்பது என் ஊகம்.

முதல் வாரம் அம்மோனியா அப்படியே நிற்கும். பிறகு அது இறங்க, நைட்ரைட் ஏறும். நைட்ரைட் நாளாகியும் இறங்காமல் உங்களைச் சோதிக்கும், பதறாதீர்கள். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை சோதித்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். 2 பி.பி.எம். அம்மோனியா ஊற்றி 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் பூஜ்ஜியம் என்று வந்தால் கல் தயார். எனக்கு இது பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு வாரம் ஆகிறது. ஒருமுறை மூன்று மாதம் ஆனது. நாளை எண்ணாதீர்கள், சோதனையில் வரும் எண்ணைப் பாருங்கள். இந்த இடைவெளியில் பாஸ்பேட்டையும் ஒருமுறை சோதியுங்கள், ஏறிக்கொண்டே போனால் தண்ணீரை முழுவதும் மாற்றிவிட்டு மறுபடியும் பாருங்கள்.

தொட்டியில் அடுக்கும்போது கல்லை முதலில் அடிக்கண்ணாடியில் நிற்க வைத்து, அதன்பின் மணல் கொட்டுங்கள். மணல்மேல் கல்லை வைத்தால், கோபி மீனோ இறாலோ அடியில் தோண்ட, கல் சரிந்து கண்ணாடியில் மோதும். பின்கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவில் கை நுழையும் இடம் விடுங்கள், அழுக்கு தங்காது. அடுக்கியபின் விரலால் தள்ளிப் பாருங்கள், ஆடினால் எபாக்ஸி வைத்து ஒட்டுங்கள்.

முதல் மீனை ஒன்று மட்டும் விடுங்கள், இரண்டு வாரம் கழித்து அடுத்தது. காய்ந்த கல்லில் தொடங்கும் தொட்டி முதல் நான்கைந்து மாதம் அழகாக இருக்காது. பழுப்புப் படலம் வரும், அப்புறம் பச்சை முடி போலப் பாசி. ஊதா நிறத்தில் படரும் சுண்ணாம்புப் பாசி வர இன்னும் நாளாகும். அதற்குப் பதிலாக, கடற்கல்லோடு ஒட்டிக்கொண்டு வரும் ஐப்டேசியா என்ற கொட்டும் பூவும், ராத்திரி மீனைப் பிடித்துத் தின்னும் மேன்டிஸ் இறாலும் உங்கள் தொட்டிக்குப் பெரும்பாலும் வராது. நான் ஒரு மேன்டிஸைப் பிடிக்க ஏழு ராத்திரி சிவப்பு விளக்கோடு உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொன்று, நம் ஊருக்காகச் சொல்வது. பக்குவமான கல்லில் இருக்கும் உயிருக்கு ஓடும் தண்ணீரும் ஆக்சிஜனும் ஒவ்வொரு மணி நேரமும் வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயலில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோது, நான் பார்த்துக்கொண்ட தொட்டிகளில் நீரோட்டம் நின்றவற்றில் கல் செத்து, அது கக்கிய அம்மோனியாவில் மீனும் போனது. இரண்டு வீடுகளில் மட்டும் பேட்டரி காற்று பம்ப் இருந்தது, அந்த இரண்டும் தப்பின. கல் வாங்கும் அன்றே ஒரு பேட்டரி பம்ப்பும் வாங்கிவிடுங்கள், பெரிய செலவில்லை. மே மாத வெயிலில் தண்ணீர் முப்பது டிகிரியைத் தாண்டினால் ஆக்சிஜன் இன்னும் குறையும் என்பதால் தொட்டிமேல் ஒரு சிறிய மின்விசிறியும் வேண்டும். அது ஆவியாக்கும் தண்ணீருக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றி நிரப்புங்கள்.

உங்கள் ஆர்.ஓ. தண்ணீரின் டி.டி.எஸ். எண்ணையும், வாங்கப்போகும் கல்லை வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தையும் இங்கே போடுங்கள். படத்தை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது, ஆனால் கடற்பவளமா இல்லையா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதைப் பார்த்துவிட்டு, பணம் கொடுப்பதற்கு முன் பதில் எழுதுகிறேன்.